மெர்லின் வேண்டாம், ஊதர் கொடுங்கள்

மூத்த ஐரிஷ் நடிகர் ஒருவர் பிரிட்டனின் பழங்கதையான ஆர்தர் ராஜா கதையில் நடிக்கப் போகிறார் என்று செய்தி வந்தால் போதும், "அப்போ மெர்லின்தான்", அதாவது ராஜாவுக்கு யோசனை சொல்லும் மந்திரவாதிதான், என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வெள்ளைத் தாடி, கனத்த குரல், கையில் ஒரு கோல். வயசானவர் என்றால் முனிவர் வேஷம். செய்யாறு, ஆரணி, வந்தவாசிப் பக்கத்துத் தெருக்கூத்துக் குழுக்களான ஜமாக்களில் இப்படி வேஷம் பிரித்தால் வாத்தியார் சிரிப்பார். அங்கே பிறந்த வருஷத்தை யாரும் கேட்பதில்லை. அந்த வேஷம் ராத்திரி எத்தனை மணிக்குத் திரைக்கு வருகிறது, எத்தனை கிறிக்கி (சுழன்றாடுவது) அடிக்கணும், எவ்வளவு நேரம் நின்று பாடணும், உட்கார பெஞ்சு உண்டா, இதைத்தான் பார்ப்பார்கள். மூச்சுக்குத்தான் வேஷம்.

அந்தக் கணக்கை ஆர்தர் கதைக்குப் போட்டால் மெர்லின்தான் இருப்பதிலேயே கடினமான வேஷம். அதிலும் "வரலாற்று" ஆர்தர் என்று எடுக்கும்போது மாயமந்திரத்தைக் கழித்துவிடுகிறார்கள். மந்திரம் போனபின் மெர்லினுக்கு மிச்சம் இருப்பது நடைதான். காடு, மலை, சேறு, மழை என்று இளவட்ட நாயகனோடு எல்லா எபிசோடிலும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். எட்டு எபிசோடு தொடர் ஒன்றை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். மெர்லினுக்கு அறுபது காட்சி இருந்தால் நாற்பது நாள் படப்பிடிப்பு, அதில் முக்கால்வாசி வெளிப்புறம். ஆர்தரின் அப்பா ஊதர் பென்ட்ராகனுக்குப் பதினாலு காட்சி, பத்து நாள், பாதிக்கு மேல் கூரைக்குக் கீழே. எழுபது தாண்டியவரைக் கொண்டுபோய் நாற்பது நாள் சேற்றில் நிறுத்துவது கெட்டிக்காரத்தனம் இல்லை.

வரலாற்று ஆர்தர் என்றால் என்ன என்பதையும் பார்த்துவிடலாம். நம்ம தேசிங்கு ராஜன் கதை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி, இளம் வயதிலேயே செத்துப்போனான் செஞ்சித் தேஜ் சிங். வரலாறு அவனுக்குக் கொடுப்பது சில பக்கங்கள். மீதியெல்லாம் கதைப்பாட்டு கொடுத்தது. ஆர்தருக்கு அந்தச் சில பக்கமும் கிடையாது. 410 வாக்கில் ரோமானிய ஆட்சி பிரிட்டனை விட்டுப் போகிறது. ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கில்டாஸ் என்ற துறவி, ஆர்தர் ஜெயித்ததாகப் பின்னால் சொல்லப்படும் பேடன் மலைப் போரைச் சொல்கிறார், அம்ப்ரோசியஸ் ஆரேலியானஸ் என்ற தலைவனைப் பெயர் சொல்லிப் புகழ்கிறார், ஆர்தரைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டு ஏடு ஒன்றுதான் ஆர்தருக்குப் பன்னிரண்டு போர்களை எழுதிவைக்கிறது. ஊதர், மெர்லின் என்று குடும்பத்தோடு கதை கட்டியது 1136 வாக்கில் ஜெஃப்ரி ஆஃப் மான்மத். பளபளக்கும் முழுக் கவசம், வட்டமேசை, கல்கோட்டை எல்லாம் சேர்ந்து நம் மனதில் இருக்கும் படம் அதற்கும் பிந்தியது. ஆர்தர் கதைகளைத் தொகுத்த மாலரியின் புத்தகம் அச்சானதே 1485-இல். ஆகவே 500-ஆம் ஆண்டு ஆர்தர் என்று எடுத்தால் தகட்டுக் கவசம் கிடையாது. வளையச் சட்டை, நாலைந்து துண்டாகச் சேர்த்து ஆணியடித்த இரும்புத் தொப்பி, ரோமானியக் குதிரைவீரனின் நீள வாள், தோளில் ஊசிவளையம் குத்திய கம்பளிப் போர்வை, மரக்கோட்டை. இவ்வளவுதான்.

இந்த உலகத்தில் ஊதர் ஏன் பொருந்துகிறார்? ஜெஃப்ரியின் நூலில் கடைசிக் காலத்து ஊதர் நோயாளி, எழுந்து நிற்க முடியாதவர். தளபதிகள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு, கடல் கடந்து வந்த எதிரிகளான சாக்சன்களை விரட்டாமல் இருக்கிறார்கள். கோபத்தில் ராஜா தன்னைப் பல்லக்கில் வைத்துப் போர்க்களத்துக்குத் தூக்கச் சொல்கிறார். பாதி செத்தவன் வந்திருக்கிறான் என்று ஏளனமாகச் சாக்சன்கள் ஊர்க் கதவைக்கூடச் சாத்தாமல் விட்டுவிடுகிறார்கள், தோற்கிறார்கள். படுத்தபடியே ஜெயித்த ராஜாவை அதன்பிறகு ஊற்றுத் தண்ணீரில் விஷம் கலந்து கொல்கிறார்கள். ஒரு மூத்த நடிகருக்கு இதைவிடப் பெரிய வேஷம் இருக்குமா? போர் உண்டு, ஆனால் ஓட வேண்டாம். கோபம் உண்டு, ஆனால் படுக்கையில். சாவும் உண்டு. கதை முழுக்க நிழலாகத் தொடர்கிற அப்பா, மூன்றாவது எபிசோடோடு முடிந்துவிடுகிறார். அம்பு படுக்கையில் கிடக்கும் பீஷ்மரைக் கூத்தில் பார்த்தவர்களுக்கு, படுத்திருப்பவன் களத்தையே கட்டிப்போட முடியும் என்று விளக்க வேண்டியதில்லை.

வொர்டிகர்னும் நல்ல தேர்வுதான், சாக்சன்களை வேலைக்கு அழைத்து ஊரைக் கெடுத்துக்கொண்ட கிழ ராஜா. சபைக் காட்சி அதிகம், சண்டை குறைவு. ஆனால் அவர் ஆர்தருக்கு ஒரு தலைமுறை முந்தியவர் என்பதால் கதையோடு ஒட்டாமல் போய்விடும் அபாயம் இருக்கிறது. ஆர்தரின் மனைவி க்வினிவரின் அப்பா வேஷம் கௌரவ வேஷம், அவ்வளவே.

இனி ஐரிஷ் என்பதற்கு வருவோம். நடிகர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் வாயைத் திறந்தால்தான் தெரியும். தெற்கு இங்கிலாந்துப் பேச்சில் சொல்லின் கடைசியில் வரும் 'ர்' விழுங்கப்படும். ஐரிஷ் பேச்சில் எழுதிய 'ர்' எல்லாம் வாயில் உருளும். இன்னொன்று, ஆங்கிலேயர் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துக் காற்றாக விடும் ஒலியை, ஐரிஷ்காரர்கள் பலர் நாக்கைப் பல்லில் அழுத்தி நம் 'த' போலவே சொல்கிறார்கள். அதாவது நாம் தமிழில் 'ஆர்தர்' என்று எழுதிப் படிப்பது லண்டன்காரரைவிட அயர்லாந்தின் லிமரிக் ஊர்க்காரர் வாய்க்குத்தான் பக்கம்.

உச்சரிப்பில் எங்கே தவறு நடக்கிறது? ஒருத்தர் மட்டும் வேறு மாதிரி பேசினால் பார்ப்பவர் காரணம் தேடுவார். தஞ்சாவூர்ப் பேச்சு பேசும் குடும்பத்தில் அண்ணன்காரன் மட்டும் "ராஜா வரசொல்ல எல்லாம் இன்னா பண்ணிகினு இருந்தீங்க" என்று கேட்டால் கதை அறுந்துபோகும். அதனால் உச்சரிப்பு பயிற்சியாளர்கள் வீடு வீடாகப் பிரிப்பார்கள்: ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் ஒரே மாதிரி பேச வேண்டும். மூத்த நடிகரை நடுவில் போட்டால் அவருடைய பிள்ளை, பெண், தம்பி எல்லோரையும் அவர் பேச்சுக்கு இழுக்க வேண்டியிருக்கும்; இரண்டு வாரப் பயிற்சி நாலு பேருக்கு.

ஊதருக்கு இந்தத் தொல்லையே கிடையாது. ஆர்தர் பிறந்தவுடன் எக்டர் என்ற பிரபு வீட்டில் வளரப் போய்விடுகிறான். ஆர்தரின் அக்கா மோர்கன் ஊதரின் மகளே அல்ல, தாயின் முதல் கணவன் கோர்லாயிஸின் மகள். ஆக ஊதர் வாயில் ஐரிஷ் இருந்து ஆர்தர் வாயில் இல்லாமல் இருந்தால் அது பிழையாகாது, கதையாகும்: அப்பன் பேச்சே பிள்ளைக்கு வரவில்லை. பிள்ளையை வேறு வீட்டில் வளர்க்கக் கொடுப்பது அந்தக் கால அயர்லாந்திலும் வேல்ஸிலும் நிஜமான வழக்கம் என்பது கூடுதல் பலம். 1981-இல் ஜான் பூர்மன் அயர்லாந்திலேயே எடுத்த 'எக்ஸ்காலிபர்' படத்தில் ஊதராக வந்தவர் டப்ளின்காரர் கேப்ரியேல் பைர்ன். அப்போது அவருக்கு முப்பது வயசு. லியாம் நீசனும் கியரன் ஹிண்ட்ஸும் அதே படத்தில் பிரபுக்களாக வந்தார்கள். அன்றைக்கு இளந்தாரிகளாக இருந்த அந்தத் தலைமுறைதான் இன்றைக்கு 'மூத்த ஐரிஷ் நடிகர்'.

வரலாற்றுப் பிடிவாதக்காரர்கள் கேட்கலாம்: ஊதர் எப்படி ஐரிஷ் ஆவான்? ஜெஃப்ரி கதையில் அயர்லாந்து மேல் படையெடுத்தவனே அவன்தானே? உண்மைதான். பதினைந்தாயிரம் பேரோடு போய், மெர்லின் யோசனைப்படி ராட்சதக் கற்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து ஸ்டோன்ஹெஞ்ச் என்ற கல்வட்டத்தைக் கட்டியதாக எழுதியிருக்கிறார். இதற்குத் திரைக்கதையில் ஒரே வரியில் வழி உண்டு. அந்தக் காலத்தில் தென்மேற்கு வேல்ஸில் ஐரிஷ்காரர்கள் குடியேறியிருந்தார்கள். கோடு கோடாக வெட்டும் ஓகம் எழுத்தும் லத்தீனும் சேர்ந்த கல்வெட்டுகள் அங்கே இன்றும் நிற்கின்றன. ஊதரின் தாயை அந்தக் குடியில் வைத்தால் போதும். அதன்பின் தாய்நாட்டுக் கல்லைப் பெயர்த்தவன் அந்தக் கல் நடுவிலேயே புதைக்கப்படுகிறான் (ஜெஃப்ரி அப்படித்தான் முடிக்கிறார்) என்பதும் சும்மா கிடைத்துவிடும்.

ஐரிஷ் வாய் எல்லாம் நமக்கு எங்கே தெரியும் என்று வேலூர்க்காரர்கள் சொல்ல முடியாது. 1760 ஜனவரி வந்தவாசிப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்ற அயர் கூட் லிமரிக் பக்கத்துக்காரர். எதிரே பிரெஞ்சுப் படை நடத்திய லாலியின் அப்பா அயர்லாந்திலிருந்து ஓடிப்போனவர்; லாலியின் முழுப்பெயரில் ஒரு 'ஆர்தர்'கூட இருக்கிறது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பாய்ந்து வந்து எழுச்சியை ரத்தத்தில் முடித்த கில்லெஸ்பி, அயர்லாந்தின் டவுண் மாவட்டத்துக்காரர். அவருக்கு அப்போது நாற்பது. இருபத்தைந்து கிலோமீட்டர் குதிரையில் வந்து, கயிற்றைப் பிடித்து மதில் ஏறினார். எழுபது வயதில் அதைச் செய்யச் சொன்னால் காப்பீட்டுக்காரன் ஓடிவிடுவான்.

காப்பீடு இந்த விஷயத்தில் சின்ன சமாச்சாரம் இல்லை. மூத்த நடிகரை அழைக்கும் முறையே தனி. ஆடிஷன் கேட்க மாட்டார்கள், கேட்டால் அவமரியாதை. முதலில் ஏஜென்டிடம் தேதி மட்டும் விசாரிப்பது. பிறகு திரைக்கதை, வேஷம், நாள் எண்ணிக்கை, தொகை எல்லாம் எழுதி நேரடியாக ஆஃபர். நம் ஊரில் ஜமாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அட்வான்ஸ் கொடுத்த பிறகு மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா மனசு மாறினாலும் பணம் திரும்பாது அல்லவா, அதே போல அங்கேயும் படம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் சம்பளம் என்ற விதி பெரிய நடிகர்களுக்கு உண்டு. கையெழுத்தான பின் காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவர் பரிசோதிப்பார். வயசு கூடினால் பிரீமியமும் கூடும், இன்னின்ன நோய்க்குக் காப்பீடு இல்லை என்ற விலக்குகளும் கூடும். பரிசோதனையைப் படப்பிடிப்புக்கு இரண்டு நாள் முன்னால் வைப்பவர்கள் இருக்கிறார்கள். விலக்கு ஒன்று வந்துவிட்டால் மாற்று ஆள் தேட நேரமே இருக்காது. ஆறு வாரம் முன்னால் முடித்துவிட வேண்டும்.

பல பாகம் எடுக்கப் போகிறவர்கள் இதைக் கண்டிப்பாக யோசிக்கணும். லிமரிக்கில் பிறந்த ரிச்சர்ட் ஹாரிஸ் 1967-இல் 'கேமலாட்' படத்தில் ஆர்தராகவே நடித்தவர். எண்பதுகளில் அதே வேஷத்தை மேடையிலும் ஏற்றார். பிற்காலத்தில் ஹாரி பாட்டர் படங்களில் தலைமை ஆசிரியராக வந்து, 2002-இல், இரண்டாம் படம் வெளியாவதற்குச் சில வாரம் முன்னால் காலமானார். அந்த வேஷத்தை அடுத்து எடுத்தவர் டப்ளினில் பிறந்த மைக்கேல் கேம்பன். இழுத்துக்கொண்டே போகும் கதையில் மூத்தவரை முதுகெலும்பாக வைத்தால் இப்படி ஆள் மாற்ற வேண்டி வரலாம். முதல் பருவத்திலேயே செத்துப்போகும் ஊதருக்கு அந்தப் பயமும் கிடையாது.

தேதிக் கணக்கு. அயர்லாந்தில் படம் எடுப்பதற்குக் காரணம் பசுமை மட்டுமில்லை, தகுதியான செலவில் ஒரு பங்குக்கு வரிச்சலுகையும் கிடைக்கிறது. ஆனால் டிசம்பரில் டப்ளினில் பகல் ஏழரை மணி நேரம்தான், ஜூனில் பதினேழு. ஊதரின் அரண்மனை உட்புறத்தைக் குளிர்காலத்திலும், பல்லக்குப் போரை மே மாதம் ஒரே வாரத்திலும் வைத்தால் இரண்டு தொகுப்பில் முடியும். ஒருநாள் வேலை முடிந்து அடுத்த நாள் அழைப்புக்குள் பதினோரு மணி நேர ஓய்வு வேண்டும்; ஒப்பனைக்கு ஆகும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். நீள வசனம் காலையில். சாப்பாட்டுக்கு அப்புறம் அவரைப் பேசவிட்டால் மூன்றாம் டேக்கில் வரி தவறும். வழக்கமாக அகலமான ஷாட்டை முதலில் எடுத்து, கிட்டத்து முகத்தைக் கடைசியில் எடுப்பார்கள். இவருக்கு அதைத் தலைகீழாக்கி முகத்தை முதலில் எடுங்கள், தூரத்து ஷாட்டில் அவர் முனகினாலும் பரவாயில்லை. இரண்டு கேமரா வைத்தால் இன்னும் நல்லது.

பல்லக்குதான் பெரிய வேலை. நடிகர் எண்பது கிலோ, சட்டம் நாற்பது, உடையும் போர்வையும் பத்து என்றால் நூற்று முப்பது கிலோ. நாலு பேர் தூக்கினால் ஆளுக்கு முப்பதுக்கு மேல். சமதரையில் சரி, அயர்லாந்துப் புல்மேட்டில் ஒரு கால் வழுக்கினால் எடை முழுக்க மூன்று பேர் தோளுக்குப் போகும். ஆறு பேர் வேண்டும், சரிவு என்றால் எட்டு. ஊரில் சாமி தூக்குகிறவர்கள் செய்வதைத்தான் செய்யணும்: ஒரே உயரக்காரர்களை ஜோடி சேர்ப்பது, தோளில் சும்மாடு, தோள் மாற்ற ஒரு சத்தம். மேடு ஏறும்போது தலைப்பக்கம் முன்னால், இறங்கும்போது கால்பக்கம் முன்னால், அப்போதுதான் படுத்திருப்பவர் தலை எப்போதும் மேலே இருக்கும். முதல் நாள் மணல் மூட்டை ஏற்றி ஒத்திகை. முகம் தெரியும் ஷாட்டுக்குத் தூக்கவே வேண்டாம். பல்லக்கைத் தள்ளுவண்டியில் வைத்துவிட்டுத் தூக்குகிறவர்களைப் பக்கத்தில் நடக்கவிட்டால் யாருக்கும் தெரியாது.

இரும்பு வளையச் சட்டை பத்துப் பன்னிரண்டு கிலோ. நிற்பவருக்கு இடுப்பில் இறுக்கி வார் கட்டினால் பாதி எடை இடுப்புக்குப் போய்விடும். படுத்தால் அந்த வித்தை பலிக்காது. முதுகுப்பக்க வளையங்கள் சுருண்டு எலும்பில் குத்தும், அரை மணியில் நடிகர் முகத்தில் நிஜ வலி தெரியும். முதுகுப்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, அலுமினிய வளையத்தில் முன்பக்கத்தை மட்டும் துணியில் தைத்துவிட்டால் இரண்டு மூன்று கிலோவில் முடியும். கூத்தில் மார்புப் பதக்கமும் புஜக்கட்டையும் முன்னால் மட்டும் பளபளப்பதும், அதற்குக் கனமில்லாத கல்யாண முருங்கைக் கட்டையைத் தேடுவதும் இதே காரணத்துக்குத்தான்.

வளையம் சத்தம் போடும். சட்டைக்குள் மைக் மறைத்தால் உரசல்தான் பதிவாகும். காலர் மடிப்பிலோ முடிக்குள்ளோ வைத்துவிட்டு, காட்சி முடிந்த கையோடு அதே பல்லக்கில் அதே கோணத்தில் படுக்கவைத்து வசனத்தை மட்டும் ஒருமுறை பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆறு மாதம் கழித்து டப்பிங் அறையில் நின்று பேசினால் படுத்தவன் குரல் வராது. படுத்தால் மூச்சு பாதிதான். முதுகுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து உடம்பை முப்பது நாற்பது டிகிரி நிமிர்த்துங்கள். வசனகர்த்தா பத்துச் சொல்லுக்கு மேல் ஒரு வாக்கியம் எழுதாமல் இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

தாடி ஒட்டினால் தலையணையில் உரசி ஓரம் கிளம்பும், வேர்த்தால் பசை விடும், ஒட்டி எடுக்கவே தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல். சொந்தத் தாடி வளர்க்கட்டும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் வளரும் என்பதால் இரண்டு மாதம் முன்னாலேயே ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். நடுவில் வேறு படத்துக்கு மழித்துவிட்டு வந்து நின்றால் யாரும் எதுவும் செய்ய முடியாது.

கடைசியாக அந்த ஊற்றுத் தண்ணீர். ஜெஃப்ரியின் ஊதருக்கு நோயினால் வேறு எதுவும் இறங்காது, அந்தத் தண்ணீர்தான் இறங்கும். அதனால் அவர் குடிப்பதைக் காட்டியே ஆக வேண்டும். வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கோப்பையில் ஆவி பறக்கும் அளவுக்கு வேண்டாம். ஒரு டேக்குக்கு இரண்டு மிடறு, கோப்பையில் அதற்கு மேல் ஊற்றாதீர்கள். கோப்பை மரத்தில் இருந்தால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று கேமராவுக்குத் தெரியாது. சாய்ந்தபடி குடிப்பதால் புரையேறும். தலையைத் தூக்கிப் பிடிக்கும் வேலைக்காரப் பையன் வேஷத்துக்கு நடிக்கத் தெரிந்தவனைவிட நிதானமான கை உள்ளவனாகப் பார்த்துப் போடுங்கள்.